கணவாய் வெட்டும் கை

ஹச்சினோஹே துறைமுகத்தில்
ஒரு நாளைக்கு இரண்டாயிரம் கணவாய்.
கீறு, மைப்பையை எடு, தோலை உரி, அடுத்தது.
இதைச் செய்கிற கைக்கு
மாலையில் இன்னொரு கத்தி எதற்கு என்றாள் நுககா,
கையுறையைப் பல்லால் இழுத்தபடி.
எனக்கும் தெரியவில்லை.
தெரிந்திருந்தால்
பேருந்து அட்டவணையை இவ்வளவு நேரம்
பார்த்துக்கொண்டிருப்பேனா?

வாள் என்றால் ஒரே வாள்தான் என்று நினைத்திருந்தேன்.

முதலில் பள்ளிக்கூடத்து விளையாட்டரங்கம்.
மூங்கில் வாள்கள். கம்பிக் கூண்டுக்குள் முகங்கள்.
ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன்
தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்து
என் உச்சந்தலையில் ஒன்று போட்டான்,
பிறகு பவ்யமாகக் குனிந்தான்.
கெண்டோவில் அடி மட்டும் விழுந்தால் போதாதாம்,
குரலும் கூடவே விழுந்தால்தான் புள்ளி.
எனக்குக் குரல் வரவில்லை.
பதினாறு வருடம் குளிர்அறையில்
வாய் திறந்தால் பல் கூசும் என்று
மூடியே வைத்திருந்தவள்.
"இருமுங்கள், அதுவாவது வரட்டும்" என்றார் பயிற்சியாளர்.
இருமினேன்.
கூண்டுகள் எல்லாம் குலுங்கிச் சிரித்தன, நானும்.
வியாழன், சனி. கட்டணம் குறைவு.
கவசம் இரவல் தருவார்கள்,
முந்தையவரின் வியர்வையும் சேர்த்து.

பாய் முடையும் கடைக்குப் பின்னால் இன்னொன்று.
ஊறவைத்த பாயைச் சுருட்டி நட்டிருந்தார்கள்.
அங்கே நிஜ வாள், நிஜக் கூர்.
சாய்வாக இறக்கு என்றார்கள். இறக்கினேன்.
மேல்துண்டு
தான் வெட்டுப்பட்டது தெரியாமல் ஒரு கணம் நின்று
பிறகு நழுவியது.
மொரோஹாஷி அதைக் கையில் எடுத்து
வெட்டுவாயை விரலால் தடவினார்.
"எத்தனை வருடப் பழக்கம்?"
"பதினாறு. கணவாய்."
அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டை நீட்டினார்.
பேனாவைத் திறந்தேன்.
ஒருவர் தரையில் கிடந்த துண்டுகளை அள்ளி
கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.
சொத்தென்று, ஈரமாக,
அதே சத்தம்.
பேனாவை மூடினேன்.

மொரியோகாவில் பழைய மரபு ஒன்று உண்டு என்றார்கள்.
மாதத்தின் மூன்றாம் ஞாயிறு,
அறிமுகக் கடிதம் இல்லாமல் கதவு திறக்காது.
மரவாளோடு இருவர் எதிரெதிரே நிற்பார்களாம்.
யார் எப்போது எங்கே அடிப்பது என்பதெல்லாம்
அவர்கள் பிறப்பதற்கு முன்பே முடிவானது.
ஒவ்வொரு முறையும் மூத்தவர்தான் தோற்க வேண்டும்.
அது எனக்குப் பிடித்திருந்தது.
ஆனால் ரயிலுக்கு யார் கொடுப்பது,
கடிதம் யார் எழுதுவது,
நுககாவா?

செவ்வாய் இரவு, சமூகக்கூடத்தின் மாடி.
கீழே ஹூலா நடன வகுப்பு,
உகுலேலே தரைப்பலகை வழியே ஏறி வருகிறது.
மேலே நான்கு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள்.
எதிரே யாருமில்லை.
இயாய்தோ.
வாள் உறையை விட்டுப் புறப்படும்போதே
பாதிச் சண்டை முடிந்துவிடுமாம்.
விளிம்பு மழுங்கிய வாள். வெண்ணெயைக்கூட வெட்டாது.
"உங்கள் எதிரி என்ன உயரம்?"
கேட்டது சவாமே, தபால் நிலையத்தில் வேலை,
என்னைவிடப் பத்து வயது சின்னவள்.
நான் யோசித்ததில்லை.
"சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாள் எங்கே போய் நிற்கும்?"
என் உயரம்தான் என்றேன்,
அளவு தெரிந்த ஆள் வேறு இல்லாததால்.

உருவுவது. கிடையாக ஓர் இழுப்பு.
மேலிருந்து ஒன்று.
அப்புறம் வாளை உதற வேண்டும்,
அதில் இல்லாத இரத்தத்தை.
மற்ற மூவரும் சுத்தமாக உதறினார்கள்.
நானும் உதறிவிட்டு
அவசரமாகக் குனிந்து பலகையைப் பார்த்தேன்,
மை தெறித்திருக்கிறதா என்று.

பலகை காய்ந்து கிடந்தது.
கீழே பாட்டு நின்றுவிட்டது.
கடைசிப் பேருந்து ஒன்பது பத்துக்கு.
எனக்கோ
வாளை உறையில் இடத்தான்
இன்னும் தெரியவில்லை.